பழைய ரேடியோவின் கண்: காயிலைக் கட்டுவதா, 'டைரக்ட்' கொடுப்பதா?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் கொஞ்சம் பழைய வீடுகளுக்குள் நுழைந்தால் இன்றும் ஒரு காட்சி கிடைக்கும். ஹாலில் ஷோகேஸுக்கு மேலே ஒரு வால்வு ரேடியோ உட்கார்ந்திருக்கும். அதன் மேல் பூவேலை செய்த துணி, துணிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி. ஆயுத பூஜை அன்று மட்டும் சந்தனம், குங்குமம். "பாடுமா?" என்று கேட்டால், "தாத்தா காலத்துல பாடிச்சு. இப்ப லைட் எரியும், சத்தம் வராது" என்று பதில் வரும்.

லைட் எரியும், சத்தம் வராது. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஸ்பீக்கர் ட்ரான்ஸ்பார்மர் போயிருக்கலாம், வால்வு போயிருக்கலாம், கண்டென்சர் வற்றிப் போயிருக்கலாம். ஆனால் 1930களில் வந்த சில செட்களில் யாரும் சட்டென்று எதிர்பார்க்காத ஒரு காரணமும் உண்டு. ஸ்டேஷன் சரியாக விழுந்திருக்கிறதா என்று காட்டுவதற்காக வைத்த சின்ன இண்டிகேட்டரின் காயில் அறுந்திருக்கும்.

காட்டுவதற்கு மட்டுமே இருக்கிற ஒரு பொருள் செத்துப்போனால் முழு ரேடியோவும் ஏன் ஊமையாக வேண்டும்? ஸ்பீடோமீட்டர் கெட்டுப்போனால் ஸ்கூட்டர் நின்றுவிடுமா என்ன?

இந்த ரேடியோக்களில் நின்றுவிடும்! அது ஏன், அந்தக் காயிலை எப்படிச் சோதிப்பது, எப்படிச் சரிசெய்வது என்பதையும், பழுது பார்க்கும் விஷயத்தில் நம்மூர்க்காரர்கள் போடும் ஒரு தப்புக் கணக்கையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் சரித்திரம்

ரேடியோ விஷயத்தில் சென்னை சும்மா இல்லை. சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே மாதம் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அதே வருடம் ஜூலை 31 அன்று ஒலிபரப்பு ஆரம்பித்துவிட்டது. ஆல் இண்டியா ரேடியோ என்ற பெயரே அப்போது கிடையாது. பணத் தட்டுப்பாட்டில் 1927ல் கிளப் மூச்சை விட்டது. அதன் ஒலிபரப்புக் கருவி மாநகராட்சியிடம் போய், 1930 ஏப்ரலில் இருந்து மாநகராட்சியே ரேடியோ நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று ஆல் இண்டியா ரேடியோவின் சென்னை நிலையம் எழும்பூரில் தொடங்கியது. 1954ல் அது மயிலாப்பூர் கடற்கரைச் சாலைக்குக் குடிபெயர்ந்தது. மெரினாவைப் பார்த்தபடி இருக்கும் வானொலி நிலையக் கட்டடம் அதுதான்.

ஆக, 1930களில் சென்னையில் ரேடியோ வாங்கியவர் என்றால் கையில் காசு இருந்தவர். வக்கீல், டாக்டர், பெரிய வியாபாரி என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் வாங்கியதெல்லாம் வெளிநாட்டில் இருந்து கப்பலில் வந்த செட்கள். நாட்டிலேயே செய்த மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் எல்லாம் நடுத்தர வர்க்கத்தின் வீட்டுக்குள் வந்தது பிறகுதான்.

கண் எதற்கு?

மிகப் பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது சுலபம். குமிழைத் திருப்பும்போது எந்த இடத்தில் சத்தம் அதிகமோ அதுதான் சரியான இடம். காதே போதும். ஆனால் அதில் ஒரு தொல்லை. பக்கத்து ஸ்டேஷன் காதைக் கிழிக்கும், தூரத்து ஸ்டேஷன் முணுமுணுக்கும். ஒவ்வொரு முறையும் வால்யூமைக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

இதற்கு மருந்தாக வந்தது ஏவிசி, அதாவது தானியங்கி வால்யூம் கட்டுப்பாடு. அமெரிக்கரான ஹெரால்ட் வீலர் 1920களின் நடுவில் கண்டுபிடித்தது. சிக்னல் பலமாக வந்தால் வால்வுகளின் பெருக்கத்தை அது தானே குறைக்கும். பலவீனமாக வந்தால் கூட்டும். எல்லா ஸ்டேஷனும் ஏறத்தாழ ஒரே சத்தத்தில் கேட்கும்.

ஆனால் ஒரு வசதி வந்தால் கூடவே ஒரு வம்பும் வரும் இல்லையா? ஏவிசி எல்லாவற்றையும் சமமாக்கிவிட்டதால், ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாலும் அதே சத்தம் கேட்டது. சத்தம் இருக்கும், ஆனால் 'கரகர' என்று உடைந்து வரும். ஜனங்கள் ரேடியோ சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டினார்கள். காது ஏமாந்துபோன இடத்தில் கண்ணைக் கொண்டுவந்தார்கள் கம்பெனிக்காரர்கள். அதுதான் ட்யூனிங் இண்டிகேட்டர்.

பலருக்கும் தெரிந்தது பச்சை நிறத்தில் ஒளிரும் 'மேஜிக் ஐ' வால்வுதான். அமெரிக்க ஆர்.சி.ஏ. கம்பெனி 1935ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இலங்கை வானொலிக்காகச் சிற்றலையில் மயிரிழையாகக் குமிழைத் திருப்பிய தலைமுறைக்கு அந்தப் பச்சைக் கண் நன்றாகப் பழக்கம். 1952ல் மத்திய அமைச்சராக வந்த கேஸ்கர் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தியதும், தமிழ்நாடே கொழும்புப் பக்கம் காதைத் திருப்பியது. 1957ல் விவித் பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஆனால் பச்சைக் கண் வருவதற்கு முன்பும், வந்த பிறகு சில வருடங்கள் வரையும் இன்னொரு வகை இருந்தது. பில்கோ, ஜெனித் போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் போட்ட நிழல் மீட்டர். டயலுக்குப் பக்கத்தில் சின்ன ஜன்னல். அதற்குப் பின்னால் ஒரு குட்டி பல்பு. பல்புக்கு முன்னால் மெல்லிய தகடு ஒன்று, ஒரு காயிலின் காந்த சக்தியில் திரும்பும்படி வைக்கப்பட்டிருக்கும். தகட்டின் நிழல் ஜன்னலில் விழும். ஸ்டேஷன் சரியாக விழுந்தால் நிழல் ஒல்லியாகும். தள்ளிப் போனால் குண்டாகும். அவ்வளவுதான் சமாச்சாரம். இதே வேலையை முள் வைத்த மீட்டரில் காட்டிய செட்களும் உண்டு.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். அந்தக் காயில் எங்கே இருக்கிறது? ஏவிசியால் கட்டுப்படுத்தப்படும் வால்வுகளின் ஆனோடுக்கு மின்சாரம் போகும் பாதையிலேயே, சீரிஸில். சிக்னல் இல்லாதபோது அந்த வால்வுகள் நிறைய மின்சாரம் எடுக்கும், தகடு ஒரு பக்கம் திரும்பி நிழல் அகலமாகும். சிக்னல் வந்தால் ஏவிசி வால்வுகளை அடக்கும், மின்சாரம் குறையும், நிழல் சுருங்கும். தனியாக ஒரு பாகமும் வேண்டாம், செலவும் இல்லை. நல்ல சாமர்த்தியம்தான். ஆனால் காயில் அறுந்தால் வால்வுகளுக்கு ஆனோடு வோல்டேஜே போகாது. லைட் எரியும், சத்தம் வராது.

கடற்கரை ஊரின் சாபம்

காயில் ஏன் அறுகிறது? இரண்டு காரணங்கள். ஒன்று, எரிந்து போவது. காயிலுக்குப் பிறகு சர்க்யூட்டில் இருக்கும் ஒரு பழைய பேப்பர் கண்டென்சர் ஷார்ட் ஆனால், அளவுக்கு மீறின மின்சாரம் காயில் வழியாக ஓடும். முடி போன்ற கம்பி தாங்காது.

இரண்டாவது காரணம் சென்னைக்கு ரொம்பப் பொருத்தமானது: அரிப்பு. காயிலில் இருப்பது இனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பி. அது 200 வோல்டுக்கு மேல் பாசிட்டிவ் வோல்டேஜில் இருக்கிறது. சுற்றியுள்ள இரும்புச் சட்டமோ எர்த்தில். நடுவில் கொஞ்சம் ஈரம், கொஞ்சம் உப்பு சேர்ந்தால் போதும். பிளஸ் டூ வேதியியலில் படித்த மின்னாற்பகுப்பு நடக்க ஆரம்பித்துவிடும். பாசிட்டிவ் பக்கத்தில் இருக்கும் செம்பு கரையும். இனாமலில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அங்கே பச்சையாகப் பூத்து, ஒரு நாள் கம்பி அறுந்துவிடும்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் லைனுக்கு மைனஸ் 48 வோல்ட் கொடுப்பார்கள், பாசிட்டிவைத்தான் எர்த் செய்வார்கள். செம்புக் கம்பி இப்படிக் கரையக் கூடாது என்பதுதான் அதற்குக் காரணம். டெலிபோன்காரர்களுக்கு இருந்த அந்த வசதி ரேடியோ டிசைன் செய்தவர்களுக்கு இல்லை. வால்வுக்கு ஆனோடில் பாசிட்டிவ்தான் வேண்டும்.

சாந்தோம், பெசன்ட் நகர், அடையாறு எல்லாம் கடல் காற்று வீட்டுக்குள் வந்து போகிற இடங்கள். ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிற ஊரில் முடிக்கனக் கம்பிக்கு என்ன கதி? போதாததற்கு ஐப்பசி, கார்த்திகை மழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை வீடுகளுக்குள் தண்ணீர் வந்தபோது பரணில் ஏறாத பழைய சாமான்கள் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எப்படிச் சோதிப்பது?

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்த செட்களில் 250 வோல்ட் டி.சி., சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ட்ரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி/டிசி செட் என்றால் சேஸிஸே ஷாக் அடிக்கும். பழக்கமில்லாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

ரொம்ப நாள் கழித்து ஆன் செய்யும் செட்டை நேராக பிளக்கில் சொருகவே கூடாது. மெக்கானிக்குகள் சீரிஸ் போர்டு வைத்திருப்பார்கள். பழைய குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போட்டு செட்டுக்குக் கரண்ட் கொடுப்பது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும், செட் பிழைக்கும். எல்.ஈ.டி. பல்பு இதற்கு உதவாது.

இனி வரிசையாக:

1. நிழலே தெரியவில்லை, ஆனால் ரேடியோ பாடுகிறது என்றால் காயிலின் மேல் பழி போடாதீர்கள். பின்னால் இருக்கும் பல்பு ஃப்யூஸ் போயிருக்கும். மாற்றும்போது அதே அளவு பல்பைத்தான் போட வேண்டும். பெரிய பல்பு போட்டால் சூட்டில் ஜன்னல் திரை பழுப்பேறி நெளிந்துவிடும்.

2. நிழல் தெரிகிறது, அசையவில்லை, ஆனால் பாடுகிறது என்றால் தகடு தூசியிலோ சிலந்தி வலையிலோ சிக்கியிருக்கலாம். லேசாக ஊதிப் பார்த்தால் தெரியும்.

3. லைட் எரிகிறது, சத்தம் இல்லை என்றால் கரண்டை நிறுத்தி, சார்ஜை வடித்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துக் காயிலின் இரு முனைகளையும் தொட வேண்டும். (மந்திர ஓம் இல்லை :-) ) நல்ல காயில் சில நூறு ஓமில் இருந்து ஒன்றிரண்டு ஆயிரம் ஓம் வரை காட்டும். சரியான மதிப்பைப் பல கம்பெனிகள் சர்க்யூட் படத்திலேயே எழுதியிருப்பார்கள். மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது. படத்தில் இருப்பதைவிட ரொம்பக் குறைவாகக் காட்டினால் உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம், அல்லது யாரோ ஏற்கெனவே ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டிருக்கலாம்.

4. காயிலுக்கும் அதன் இரும்புச் சட்டத்துக்கும் நடுவிலும் அளக்க வேண்டும். அங்கே மீட்டர் எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் கசிவு.

5. காயில் நன்றாக இருந்தால் கடைசிச் சோதனை, செட் ஓடும்போது. காயிலின் இரு முனைகளுக்கு நடுவே டி.சி. வோல்டேஜ் பார்ப்பது. 1,000 ஓம் காயிலில் 5 மில்லி ஆம்பியர் ஓடினால் 5 வோல்ட் காட்டும். குமிழைத் திருப்பி ஸ்டேஷன் மேல் வரும்போது அந்த வோல்டேஜ் இறங்க வேண்டும். இறங்கினால் ஏவிசி, வால்வு, காயில் மூன்றுமே வேலை செய்கின்றன என்று அர்த்தம். ஒரே அளவில் மூன்று பேருக்கு சர்டிபிகேட்!

காயில் அறுந்த செட்டை 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று ஆன் செய்தே வைத்திருப்பதும் ஆபத்து. ஆனோடுக்கு வோல்டேஜ் இல்லாமல் ஸ்கிரீன் கிரிடுக்கு மட்டும் போனால் வால்வு சூடாகிக் கெடும். காயிலோடு போயிருக்க வேண்டிய செலவு வால்வு வரைக்கும் நீளும்.

சரிசெய்வது

அறுந்த காயில் என்றதும் முழுவதும் போச்சு என்று நினைக்க வேண்டாம். பல சமயம் கம்பி வெளியே வந்து டெர்மினலில் சேரும் இடத்தில்தான் அறுந்திருக்கும், அல்லது மேல் அடுக்கில் பச்சை பூத்த இடத்தில். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, சில சுற்றுகளைப் பிரித்து, இனாமலைச் சுரண்டி, ரெசின் உள்ள ஈயத்தால் பற்றவைத்தால் முடிந்தது. ஆசிட் கலந்த பேஸ்ட் போட்டால் ஆறு மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் அரிக்கும்.

உள்ளே எங்கோ அறுந்திருந்தால் மறுபடியும் காயில் கட்டத்தான் வேண்டும். இங்கேதான் பொறுமை. 44 கேஜ் கம்பி என்று வைத்துக்கொள்வோம். விட்டம் 0.08 மில்லிமீட்டர், தலைமுடிக்குப் பக்கத்தில். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 3.3 ஓம். அப்படியானால் 1,000 ஓம் காயிலுக்கு 300 மீட்டர் கம்பி! அத்தனையும் சின்னதொரு பாபினுக்குள். பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ண வேண்டும், சுற்றிய திசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். காந்தம் உள்ள வகையில் திசை மாறினால் தகடு எதிர்ப்பக்கம் திரும்பும். தகட்டைத் திருப்புவது மின்சாரமும் சுற்றுகளும் சேர்ந்துதான். ஓம் கொஞ்சம் முன்பின் இருந்தால் பாதகமில்லை, சுற்று குறைந்தால் நிழல் சரியாக ஆடாது. தடித்த கம்பி கிடைத்தது என்று அதைச் சுற்றினால் இடத்துக்குள் பாதிச் சுற்றுகூட அடங்காது.

காயிலைக் கட்டி முடித்து, நன்றாக உலர வைத்து, வார்னிஷ் கொடுத்து, மறுபடி மாட்டுவதற்கு முன்னால் முதல் காயிலைக் கொன்றவன் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஷார்ட்டான கண்டென்சரை மாற்றாமல் புதுக் காயிலைப் போட்டால் அதுவும் சில நொடிகளில் புகையும்.

'டைரக்ட்' கலாசாரம்

மேலே சொன்னதெல்லாம் சரியான வைத்தியம். நடப்பது என்ன? இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்துவிடுவார்கள். "டைரக்ட் கொடுத்துட்டேன் சார், பாடுது பாருங்க." நிஜமாகவே பாடும். வாடிக்கையாளர் சந்தோஷமாக 200 ரூபாயோ 300 ரூபாயோ கொடுத்துவிட்டுப் போவார். கண் மட்டும் நிரந்தரமாகக் குருடு.

இன்னும் மோசம் ஒன்று இருக்கிறது. உள்ளே இருப்பதையெல்லாம் வழித்துக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, வெறும் மரப்பெட்டிக்குள் புளூடூத் ஸ்பீக்கரை வைப்பது. 'விண்டேஜ் லுக்' என்று அதற்குப் பெயர்!

இதற்கு மெக்கானிக்கைத் திட்டுவது வழக்கம். ஆனால் மெக்கானிக்கின் இடத்தில் இருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, இப்படி ஒரு செட் அவரிடம் வருகிறது. எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம். காயில் கட்ட ஒரு நாள். கம்பி விலை நூறு ரூபாய்கூட இருக்காது. அவர் 2,500 ரூபாய் கேட்டால் வாடிக்கையாளர் என்ன சொல்வார்? "ஒரு ஒயர் சுத்தினதுக்கா 2,500?" பாகத்துக்குக் காசு கொடுக்கத் தயாராக இருக்கிறவர்கள் மூளைக்குக் கொடுக்கத் தயாராக இல்லை. அதே ஆள் டாக்டரிடம் போனால் ஸ்கேனுக்குத் தனி, ரத்தப் பரிசோதனைக்குத் தனி, கன்சல்டிங் ஃபீஸ் தனி என்று வாய் பேசாமல் எண்ணி வைக்கிறார்.

பில்லில் 'சோதனைக் கூலி' என்று ஒரு வரி இல்லாத வரைக்கும் டைரக்ட் கொடுப்பதுதான் மெக்கானிக்குக்கு லாபம். கோளாறைத் தேடும் நேரத்துக்கு விலை பூஜ்ஜியம் என்றால், புத்திசாலி மெக்கானிக் தேடவே மாட்டார். காமர்ஸ் படிக்கிற யாருக்கும் இது புரியும். தப்பான இடத்தில் விலை வைத்தால் தப்பான வேலைதான் நடக்கும்.

இது உலகத்துக்கே தெரிந்த சிக்கல்தான். ஆஸ்திரியாவில் 2022ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். மின்சாதனத்தைப் பழுது பார்த்தால் செலவில் பாதியை, 200 யூரோ வரை அரசே கொடுத்தது. அதில் கவனிக்க வேண்டிய விஷயம், கோளாறு என்ன, எவ்வளவு ஆகும் என்று பார்த்துச் சொல்வதற்கே தனியாக 30 யூரோ வரை உதவி வைத்திருந்தார்கள். அதாவது, சோதனையும் ஒரு வேலை என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. இங்கேயும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022ல் பழுது பார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது, அதே வருடம் டிசம்பரில் இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன் மற்றும் மின்னணுப் பொருள், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகள். உதிரி பாகம், சர்வீஸ் விவரம், வாரண்டி பற்றியெல்லாம் பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் பாகமும் புத்தகமும் இருந்தால் மட்டும் ரிப்பேர் நடந்துவிடாது என்பதற்குப் பழைய ரேடியோவே சாட்சி. 1930களின் அமெரிக்க செட்களுக்கு ஜான் ரைடர் தொகுத்த சர்க்யூட் புத்தகங்கள் இருக்கின்றன. இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கம்பி கிடைக்கிறது. கட்டுவதற்குக் கூலி கொடுக்கத்தான் ஆள் இல்லை.

"இதெல்லாம் எதுக்குப்பா?"

நியாயமான கேள்வி. கையில் இருக்கும் போனில் உலகத்து ரேடியோ எல்லாம் கேட்கலாம். இந்தப் பழைய செட்டில் எஃப்.எம். வராது. இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977ல் இதே சென்னையில் தொடங்கியதுதான், ஆனால் அதற்கு வெகு முன்பே பிறந்த செட் இது. இலங்கை வானொலியின் பழைய சிற்றலை ராஜ்ஜியம் போய்விட்டது. பிபிசி தமிழோசை 2017ல் வானொலியை விட்டது. ஆகாசவாணியும் பல ஊர்களில் மத்திய அலை ஒலிபரப்பிகளை நிறுத்திவிட்டது. பிடிப்பதற்கு ஸ்டேஷனே குறைந்துவிட்ட காலத்தில் ஸ்டேஷனைக் காட்டும் கண் எதற்கு?

பயன் என்று மட்டும் பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. கணக்குப் புத்தகத்தில் அந்த ரேடியோவின் மதிப்பு தேய்மானம் போக எப்போதோ ஒரு ரூபாய்க்கு வந்துவிட்டது. விற்றால் நல்ல விலை வரும் என்பதும் சொல்ல முடியாது.

ஆனால் பணயத்தில் இருப்பது ரேடியோ மட்டும் இல்லை. சர்க்யூட்டைப் பார்த்து, மீட்டர் வைத்து, காரணத்தைப் பின்னோக்கித் தேடிப் போகிற ஒரு வித்தை இருக்கிறது. வால்வு செட்டில் அதைக் கண்ணால் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக, கையால் தொடும் அளவில் இருக்கிறது. போர்டையே தூக்கிப் போட்டு வேறு போர்டு மாட்டுகிற இன்றைய சர்வீஸ் சென்டரில் அது கிடைக்காது. அந்த வித்தை தெரிந்தவர்கள் இன்று பெரும்பாலும் வயதானவர்கள். வேலை வந்தால்தான் பக்கத்தில் ஒரு பையனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். எல்லோரும் டைரக்ட் போதும் என்றால் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது?

இன்னொரு விஷயம். காயில் கட்டும் திறமை இந்த ஊரில் செத்துப்போகவும் இல்லை. தெருவுக்குத் தெரு ஃபேன், மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கிறது. அவர்கள் கையாள்வது இதைவிடத் தடித்த கம்பி, அவ்வளவுதான் வித்தியாசம். எலெக்ட்ரிக் கிடாரின் பிக்கப் காயிலுக்கு இதைவிடவும் மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றுகிறார்கள், அதுவும் வீட்டு மேஜையில் சின்ன மோட்டாரை வைத்துக்கொண்டு. ரிச்சி தெருவில் பாகம் தேடத் தெரிந்தவர் ஒருவர், காயில் கட்டத் தெரிந்தவர் ஒருவர், வால்வு சர்க்யூட் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர். மூன்று பேரையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த மேஜைக்கு யாராவது கூலி கொடுக்க வேண்டும்.

செய்யக்கூடியவை

வீட்டில் இப்படி ஒரு செட் இருப்பவர்கள் மூன்று காரியம் செய்யலாம்.

ஒன்று, மெக்கானிக்கிடம் போகும்போது முதலிலேயே, "என்ன கோளாறுன்னு பார்த்துச் சொல்றதுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்தத் தொகையைக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு, காயில் கட்ட இப்போது வசதி இல்லை என்றால் டைரக்ட் ஒயருக்குப் பதில் அதே ஓம் மதிப்புள்ள ரெசிஸ்டரைப் போடச் சொல்லுங்கள். பத்து ரூபாய் சமாச்சாரம். வால்வுகளுக்கு வோல்டேஜ் பழையபடி சரியாகப் போகும். அறுந்த காயிலையும் தகட்டையும் தூக்கிப் போடாமல் பெட்டிக்குள்ளேயே வைத்து, என்ன செய்தோம் என்று தேதியோடு ஒரு சீட்டு எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து அந்த வீட்டுப் பேத்தி அதைப் பிரித்துப் பார்த்தால் எங்கே ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

மூன்று, சரியான பிறகு பூச்சாடியை எடுத்துவிட்டு வாரத்துக்கு ஒரு முறையாவது ஓட விடுங்கள், முக்கியமாக மழைக்காலத்தில். வால்வுகளின் சூடு பெட்டிக்குள் இருக்கும் ஈரத்தை விரட்டும். காயிலுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல் மத்திய அலையில் வெளியூர் நிலையங்கள் இன்றும் எட்டிப் பார்க்கும். குமிழை மெதுவாகத் திருப்பினால் நிழல் ஒல்லியாவதைப் பார்க்கலாம்.

ரங்கநாதன் தெருவுக்குப் போனால் 500 ரூபாய்க்கு ஒரு புது ரேடியோ கிடைக்கும், வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. அது கெட்டால் அதைத் திறக்கக்கூட யாரும் மெனக்கெட மாட்டார்கள். 90 வருடம் கழித்தும் திறந்து, அளந்து, காரணம் கண்டுபிடித்து, 300 மீட்டர் கம்பியில் திரும்பவும் உயிர் கொடுக்க முடிகிற ஒரு பொருள் வீட்டில் இருக்கும்போது, அதற்கு ஒரு மெக்கானிக்கின் இரண்டு மணி நேரக் கூலியைக் கொடுப்பது வீண் செலவு ஆகாது.